எட்டாவது பெயர்

ஜெனரல் அர்வேத் ஃபொன் ட்ரெபனோவின் படைவாழ்க்கையைப் பற்றி அவருடைய பழைய அதிகாரிகள் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். எங்கள் காஸல் நகரத்துப் புத்தகக் கடையில் நின்றுகொண்டே புரட்டிப் பார்த்தேன். எந்த வருஷம் என்ன பதவி, எந்த ஆற்றை எந்த மாதம் கடந்தார், எல்லாம் தேதியோடு இருக்கிறது. ஹின்னெர்க் லூடெமானைத் தேடினேன். இருநூற்றுப் பதினோராம் பக்கத்து அடிக்குறிப்பில், "முன்பு ஜெனரலின் பணியாளாக இருந்தவர்" என்று அரை வரி. வெட்கப்படாமல் சொல்கிறேன், அரை வரிதான் என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் என் பெயரைத் தேடினேன். அரை வரிகூட இல்லை. வந்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

என் பெயர் ஃபோல்க்மார் தீஸ். ட்ரெபனோவின் டிவிஷன் தலைமையகத்தில் நான் ரைட்டர். சண்டை போட்டது மற்றவர்கள், அதை டைப் அடித்தது நான். பின்வாங்கும்போது ரஷ்யக் கிராமங்களைக் கொளுத்தச் சொல்லும் உத்தரவுகளையும் என் மெஷினில்தான் அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அவற்றுக்காக ஒரு நாளும் என் தூக்கம் கெட்டதில்லை. ஹின்னெர்க்குக்குப் பெரியவர், ஜெனரலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஒரு சுருட்டு கொடுத்தால் கெட்டுவிடும். எப்படிப்பட்ட ஆள் இந்தக் கதையைச் சொல்கிறான் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

ஹின்னெர்க் மெக்லென்பர்க் பக்கத்தில் ஒரு பண்ணையாரின் மாட்டுக்காரனுக்குப் பிறந்தவன். இருபது வயதில் குதிரைப்படையில் சேர்ந்தான். அப்போது ட்ரெபனோ வெறும் கேப்டன். அவருடைய பெட்டைக் குதிரை யாரையும் கிட்டே விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. ஹின்னெர்க் அதன் பக்கத்தில் போய் நின்று, ஒன்றுமே செய்யாமல், ஒரு மணி நேரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தானாம். சாயங்காலம் குதிரை அவன் தோளில் தாடையை வைத்துவிட்டது. அன்று அவனைக் கூட்டிக்கொண்டவர் பதினேழு வருஷம் விடவில்லை. கேப்டன் மேஜர் ஆனார், கர்னல் ஆனார், போலந்துக்குப் போனார், பிரான்ஸுக்குப் போனார், ஜெனரல் ஆகி ரஷ்யாவுக்கு வந்தார். ஹின்னெர்க் அவருடைய பூட்ஸைத் துடைத்துக்கொண்டே கூட வந்தான். அவர் தோளில் பட்டை ஏற ஏற, இவன் சிப்பாயாகவே இருந்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி நான்கு வருஷம் காத்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்திப்பதாகச் சொல்வானாம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேப்டனுக்கு ஏதாவது வேலை இருக்குமாம். கடைசியில் அவள், "ஒனக்குத்தான் ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சே, குதிரைப்படையில! மாமியார் இல்லாத குறை ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தபால்காரனைக் கட்டிக்கொண்டாளாம். இதை ஹின்னெர்க்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. எனக்காக ஒருத்தி நான்கு மாதம்கூடக் காத்திருந்ததில்லை.

நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்று வசந்தத்தில் அந்தத் தலைமையகத்துக்கு வந்தேன். நன்றாகப் படித்தவன், ஆசிரியர் பயிற்சி முடித்தவன், பிழையில்லாமல் எழுதுகிறவன். பெரியவர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "தீஸ், இதை அடி. தீஸ், இதை அனுப்பு." அவ்வளவுதான். நான் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். ஹின்னெர்க் தட்டாமல் உள்ளே போவான். அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ என்னடா சொல்ற?" என்று கேட்பார். பட்டாலியன்களைப் பற்றிய கேள்வி, மாட்டுக்காரன் மகனிடம்! அவனும், "அந்தப் பக்கம் சகதி ஜாஸ்தி ஐயா, குதிரை எறங்காது" என்று ஏதாவது சொல்லி வைப்பான். பெரியவர் தலையாட்டுவார்.

ஒரு தடவை டிவிஷனுக்குப் படிக்க வேண்டிய வாழ்த்து ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கியது. பெரியவர் அதை வாய்விட்டுப் படித்தார். ஹின்னெர்க் ஒரு மூலையில் பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பிடிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா பசங்க மழையில நிப்பாங்களே. கொஞ்சம் நீளம்."

பெரியவர் பென்சிலை எடுத்து என் வாழ்த்தில் எட்டு வரிகளை அடித்தார். அந்த எட்டும்தான் அதில் நல்ல வரிகள். வெளியே வந்ததும் ஹின்னெர்க் என் தோளில் கை வைத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க ரைட்டரே. மழைக்காகத்தான் சொன்னேன்." அவன் மனதில் கெட்டது எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

பெரியவருக்கும் வயிற்றெரிச்சல் உண்டு, அது யோர்க் லின்ஸ்டெட் என்ற பெயரில். இரண்டு பேரும் ஒரே கேடட் பள்ளியில் படித்தவர்கள். ராணுவத்தில் எல்லா அதிகாரிகளின் பெயரையும் மூப்புப்படி அச்சடித்த ஒரு பட்டியல் புத்தகம் உண்டு. பெரியவர் பைபிளை விட அதை அதிகம் படித்தார். அதில் லின்ஸ்டெட்டின் பெயர் எப்போதும் இவருடைய பெயருக்கு ஒரு வரி மேலே. அவர் கர்னல் ஆகி ஆறு மாதம் கழித்து இவர் கர்னல், அவர் ஜெனரலாகி நான்கு மாதம் கழித்து இவர் ஜெனரல். போர்முனையில் பக்கத்து டிவிஷன் லின்ஸ்டெட்டுடையதாகவே அமைந்துவிட்டது. இனி பாக்கி இருந்தது அந்தக் கழுத்துச் சிலுவை ஒன்றுதான். ரிப்பனில் கட்டித் தொண்டைக்குழியில் தொங்கவிடும் பதக்கம். அதற்கு ஆலாய்ப் பறக்கிற அதிகாரிகளுக்குத் தொண்டை வலி என்று எங்கள் படை முழுக்கக் கிண்டல் செய்வார்கள். எங்கள் சமையல்காரன் கிர்ஷ் பெரியவரின் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொல்வான்:

"தேன் ஊத்தியாச்சு, வெந்நீர் குடுத்தாச்சு. இவரு தொண்டைக்கு மருந்து பெர்லின்ல இருந்துதான்யா வரணும்."

டிசம்பரில், பனி முழங்காலுக்கு வந்திருந்த சமயம், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தலைமையகங்களில் சூடான அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைச் சலித்தெடுத்துக் காலாட்படைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பங்குக்கு எட்டுப் பேர். பட்டியல் தயாரிக்கும் வேலை என்னுடையது. ஏழு பெயர்களைப் பத்து நிமிஷத்தில் அடித்துவிட்டேன். எட்டாவதாக, வரைபட அறையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒருவனை எழுதியிருக்க வேண்டும், வயது இருபத்துநான்கு, கல் மாதிரி உடம்பு. என் தலைக்கு எந்த ஆபத்தும் இல்லை, நான் அந்தப் பட்டியலில் வரவே மாட்டேன். பயந்து செய்திருந்தால் யாராவது மன்னிக்கவாவது செய்வார்கள். நான் பயந்து செய்யவில்லை.

எட்டு, லூடெமான், ஹின்னெர்க்.

இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். பெரியவர் சாதாரண நாளில் பட்டியலைப் படித்துவிடுவார். மூன்றாம் நாள் காலை ரேடியோவில் செய்தி வந்தது: ஜெனரல் லின்ஸ்டெட்டுக்குக் கழுத்துச் சிலுவை. கையெழுத்து ஃபைலை எடுத்துக்கொண்டு உடனே உள்ளே போனேன். மையொற்றும் தடித்தாள்களுக்கு நடுவே காகிதங்களைச் சொருகி வைக்கிற பெரிய ஃபைல் அது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் கீழ்ப்பாகத்தை மட்டும் காட்ட வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ரேடியோ கேட்டியா தீஸ்?"

"கேட்டேன் ஐயா."

"நாலு மாசம் ஏரிக்கரையில உக்காந்து மீன் புடிச்சிட்டிருந்தான் அவன். மீனு! அதுக்கு ஒரு சிலுவை."

பேனா காகிதத்தைக் கிழிப்பது போல ஓடியது. வைக்கோல் கணக்கு, கையெழுத்து. பெட்ரோல் கணக்கு, கையெழுத்து. எட்டுப் பேர் பட்டியல், கையெழுத்து. நான் அடுத்த தாளைத் தூக்கினேன். அவருடைய பொறாமை அவர் கண்ணைக் கட்டிய நேரம் பார்த்து என் பொறாமை வேலையை முடித்துக்கொண்டது.

அன்றே அவர் மேலிடத்துக் கூட்டத்துக்கு மூன்று நாள் பயணமாகப் புறப்பட்டார். மறுநாள் எட்டுப் பேரும் கிளம்ப வேண்டும். ஹின்னெர்க் என் மேஜைக்கு வந்து காகிதத்தைப் பார்க்கக் கேட்டான். தன் பெயரைப் பார்த்தான். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தான். பதினேழு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"பெரியவர் போட்டதுதான்" என்றான்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்ல சங்கடமா இருந்திருக்கும்."

சண்டை போடுவான், கத்துவான், பெரியவர் வரும்வரை காத்திருக்கிறேன் என்பான் என்று நினைத்திருந்தேன். அவன் போய்ப் பெரியவரின் நான்கு ஜோடி பூட்ஸையும் துடைத்து வரிசையாக வைத்தான். பெரியவரின் கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்று புதிதாக வருகிறவனிடம் சொல்லும்படி கிர்ஷிடம் சொல்லி வைத்தான். தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். ஜெனரலுக்குத் தான் வேண்டாம் என்று ஆகிவிட்டது என்றால், கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்பது அவன் கணக்கு.

பெரியவர் திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே கூப்பிட்டார்: "ஹின்னெர்க்!" யாரோ ஒரு புதியவன் ஓடிவந்தான்.

"ஹின்னெர்க் எங்க?"

நான் நகலை நீட்டினேன். "ஐயா அனுப்பின லிஸ்ட்ல போயிட்டான்."

அவர் படித்தார். எட்டாவது பெயரில் கண் நின்றது. பிறகு தன் கையெழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிரஷ்ய ஜெனரல் ஒருவர், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று தன் ரைட்டரிடம் சொல்வதா? அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். கதை லின்ஸ்டெட் காதுக்குப் போகும். என்ன சொல்ல வந்தாரோ அதை மென்று விழுங்கினார்.

"ஆமா. நான்தான் அனுப்பினேன்" என்றார். "நம்ம வீட்டு ஆளை வச்சுக்கிட்டு ஊரான் வீட்டு ஆளை அனுப்பறது நியாயம் இல்ல."

அதுவும் ஊருக்குள் நல்ல பெயராகப் பரவியது. கிர்ஷ்கூட, "பெரியவர் பெரியவர்தாம்பா" என்றான். எனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. புதியவன் கஞ்சியைக் கருக்கினான், பூட்ஸில் தப்பான மெழுகைப் போட்டான். பெரியவர் ஒருவரிடமும் எதையும் கேட்காமலானார். காலி இடத்தில் நான் போய் உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். அவர் அந்த இடத்தையே பூட்டிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலாட்படை உடைந்து ஓடியது. பீரங்கிக் குழுவில் எல்லோரும் செத்துவிட்டார்கள். குண்டு எடுத்துக் கொடுக்க நின்றிருந்த ஒருவன் மட்டும் ஓடவில்லை. ஒற்றை ஆளாகப் பீரங்கியைத் திருப்பி ஐந்து டாங்கிகளை நிறுத்தினான். பாலம் தப்பியது, எங்கள் இரண்டு ரெஜிமெண்டுகள் அதன் வழியாகத் தப்பி வந்தன. பட்டாலியனிலிருந்து வந்த பரிந்துரையை நான்தான் டைப் அடித்தேன். பெயர் வந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. உதைக்கிற குதிரை பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டு நின்றவன், டாங்கி பக்கத்திலும் அப்படியே நின்றிருக்கிறான்!

பாலத்தைக் காப்பாற்றியதாகப் பெரியவருக்கும் அதே வாரம் ஒரு பரிந்துரை போனது. அதையும் நான்தான் அடித்தேன். மார்ச்சில் இரண்டுக்கும் ஒரே பையில் பதில் வந்தது. ஜெனரல் ஃபொன் ட்ரெபனோ, இப்போதைக்கு இல்லை. சிப்பாய் லூடெமான், கழுத்துச் சிலுவை.

நான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் இரண்டையும் படித்தார். இந்தத் தடவை வரி வரியாகப் படித்தார்.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த பள்ளிக்கூட முற்றத்தில் விழா. பெரியவர் ரிப்பனை ஹின்னெர்க்கின் கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். இரண்டு தடவை முயன்றும் முடிச்சு விழவில்லை. ஹின்னெர்க் தானே பின்னால் கைவைத்து, பழைய பழக்கத்தில், "விடுங்க ஐயா, நான் கட்டிக்கறேன்" என்றான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவரின் காது மடல் சிவந்தது. அந்தச் சிலுவையைப் போட்டவன் சிப்பாயாக இருந்தாலும் காவல்காரன் விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். அடித்தார்கள். நானும் அடித்தேன். கை கனத்தது.

சாப்பாட்டு மேஜையில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் வைத்து, பெரியவர் அவனைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். கிண்ணத்தைத் தூக்கினார். எல்லோரும் குடித்தோம். அப்புறம் சம்பிரதாயமாகக் கேட்டார்:

"கேளுடா. ஒனக்கு என்ன வேணும்?"

ஹின்னெர்க் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மறுபடி ஐயாகிட்டயே வந்துடறேன். பூட்ஸைப் பாத்தேன். யாரோ கொலை பண்ணி வச்சிருக்கான்."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரிக்கத் தொடங்கினார். அவர் முகம் திறந்துகொண்டதை நான் பார்த்தேன், 'வாடா' என்ற சொல் உதடு வரை வந்துவிட்டது. அப்போது அவர் பார்வை அவன் தொண்டைக்கு இறங்கியது. அவன் திரும்பி வந்தால், தினமும் காலையில் அந்தச் சிலுவை குனிந்து இவருக்கு முகச்சவரம் செய்யும். இவருடைய வெறும் கழுத்தில் துண்டைப் போர்த்தும். லின்ஸ்டெட் விருந்துக்கு வந்தால் கதவைத் திறக்கும். முகம் மூடிக்கொண்டது.

"சிலுவை போட்ட ஆளு எம் பூட்ஸைத் தொடைக்கறதா? ஊரே சிரிக்கும்" என்றார். "பதினாலு நாள் லீவு. சார்ஜெண்ட் பதவி. ஒன் பட்டாலியன் ஒன்னை எதிர்பாத்துக்கிட்டிருக்கு."

"உத்தரவு ஐயா" என்றான் ஹின்னெர்க்.

நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் படிக்கட்டில் நின்றிருந்தான். வண்டி தயாராக இருந்தது. சட்டைக் காலரைத் தூக்கிச் சிலுவையை மறைத்துக்கொண்டிருந்தான், குளிருக்கோ கூச்சத்துக்கோ.

"ரைட்டரே, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க."

"கேளு."

"அன்னிக்கு அந்த லிஸ்ட்ல பெரியவர் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாரா? லின்ஸ்டெட் சேதி வந்த நாள்னு கிர்ஷ் சொன்னான். அந்த மாதிரி நாள்ல அவரு எதையும் படிக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்."

நான் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அவன் தொடர்ந்தான். "படிக்கலன்னா சொல்லுங்க. இப்பவே உள்ள போயி, 'ஐயா, தப்பு நடந்துபோச்சு, எனக்குச் சிலுவையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பெட்டியில போட்டு வச்சுட்டு வேலையப் பாக்கறேன்'னு சொல்லிடுவேன். அவருக்கும் ஆசைதான், நான் மொகத்தப் பாத்தேன். படிச்சுட்டுத்தான் போட்டார்னா விடுங்க, நான் போயிடறேன்."

ஒரே ஒரு சொல். 'படிக்கவில்லை' என்று நான் சொல்லியிருந்தால் அவன் உள்ளே போயிருப்பான். உள்ளே இருந்தவர் அழுதுகூட இருப்பார். நாளைக் காலையில் அவன் கதவைத் தட்டாமல் உள்ளே போவான், நான் தட்டிவிட்டு நிற்பேன், அதுவும் இனிமேல் சல்யூட்டோடு. எனக்குக் கண்ணில் கொள்ளி வைத்த மாதிரி இருந்தது.

"படிச்சார்" என்றேன். அது போதாது என்று பட்டது. "ஒம் பேர்கிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தினார். அப்புறம்தான் போட்டார்."

ஹின்னெர்க் தலையை ஆட்டினான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான், உண்மையைச் சொன்னதற்காக. வண்டியில் ஏறும்போது ஒரு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

பதினான்கு நாள் லீவில் பாதிக்கு மேல் அவன் ஊரில் இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்கா வீப்கே வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு முன்கூட்டியே புறப்பட்டுவிட்டான். ஏப்ரலில், பெயரில்லாத ஒரு மேட்டில், காயம்பட்டவர்களை இழுத்துக்கொண்டு வரும்போது குண்டு விழுந்தது. எடுத்துப் புதைக்க அதிகம் இருக்கவில்லை.

இரங்கல் கடிதங்கள் எல்லாம் நான் அடித்துக் கொடுப்பவை, ஒரே வாசகம், பெயரை மட்டும் மாற்றுவேன். ஹின்னெர்க்கின் அக்காவுக்கு எழுத மட்டும் பெரியவர் காகிதமும் பேனாவும் கேட்டார். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை தன் கையால் எழுதினார். ஐந்து பக்கம். உறையில் போடுவதற்காக என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முதல் தடவையாக.

"தீஸ், ஒரு விஷயம் ஒனக்கு மட்டுந்தான் தெரியும். நீதான் பக்கத்துல நின்ன. அன்னிக்கு நான் அந்த லிஸ்ட்டைப் படிக்கல."

நான் கடிதத்தை மடித்தேன்.

"அவங்கிட்ட சொல்லியிருக்கணும். கௌரவம் விடல. அப்புறம் அந்தச் சிலுவை விடல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். பதினேழு வருஷமா நான் கையெழுத்துப் போடறதப் பாத்தவன் அவன். நான் படிச்சிருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் போயிருப்பான். இல்லையா?"

"தெரிஞ்சிருக்கும் ஐயா" என்றேன்.

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து விக்கி விக்கி அழுதார். நான் உறையை ஒட்டினேன், முகவரியை எழுதினேன், கதவருகே போய் நின்றேன். இந்த உலகத்தில் எனக்காக ஒருவரும் இப்படி அழமாட்டார்கள் என்று நினைத்தேன். செத்துப்போனவன் மேல் மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது.